ஒரே குழாயில் பல அடுக்குகள்: கன எண்ணெய்க் கிணற்றுக்குள் ஓர் இழுபறி

மேசைமேல் இரண்டு டம்ளர்கள். ஒன்றில் நீர்மோர், மற்றதில் விளக்கெண்ணெய். இரண்டிலும் ஒவ்வோர் உறிஞ்சுகுழல். இரண்டு குழல்களையும் ஒன்றாக வாயில் வைத்து இழுத்தால் எது வரும் என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், மோர்தான் என்று. விளக்கெண்ணெய் தன் குழலில் ஓர் அங்குலம் ஏறி, அங்கேயே நின்று வேடிக்கை பார்க்கும். மோர் தீர்ந்ததும் நிலைமை இன்னும் மோசம். காலி டம்ளரிலிருந்து காற்று தாராளமாக வரும். கன்னம் குழிய இழுத்தாலும் விளக்கெண்ணெய் அசையாது. அதைக் குடித்தே ஆகவேண்டும் என்றால் ஒரே வழி, காலிக் குழலை விரலால் அடைப்பதுதான்.

பூமிக்குக் கீழே ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், கனத்த கச்சா எண்ணெய் எடுக்கும் கிணறுகளில் நாள்தோறும் இந்த விளையாட்டு நடக்கிறது. பெட்ரோலியப் பொறியாளர்கள் இதற்கு அடுக்கிடைக் குறுக்கீடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் கொஞ்சம் பந்தாவாக இருக்கிறதே தவிர, விஷயம் டம்ளரும் குழலும்தான். எந்தக் குழலை அடைப்பது, எப்போது அடைப்பது, அந்த விரலுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்ற மூன்று கேள்விகளைச் சுற்றியே இந்த உரை போகிறது.

எண்ணெய் வயல் என்றதும் நிலத்தடியில் ஒரு கறுப்பு ஏரி தளும்பிக்கொண்டிருப்பதாக நினைப்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. அங்கே ஏரியும் இல்லை, குளமும் இல்லை. மணற்கல் இருக்கிறது. மணல்மணிகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளில் எண்ணெய் அடைந்து கிடக்கிறது. கல்லுக்குள் ஈரம் என்பது இங்கே உவமை இல்லை, நிலவியல். அந்த மணற்கல்லும் ஒரே பாளமாக அமைவது அரிது. பழைய ஆறு ஒன்று மணலைக் கொட்டிவிட்டுத் தடம் மாறியிருக்கும். அந்த இடத்தில் சேறு படிந்திருக்கும். மறுபடி வெள்ளம், மறுபடி மணல். லட்சக்கணக்கான ஆண்டுகள் இப்படிப் போனபின் மிஞ்சுவது மணற்கல், களிப்பாறை, மணற்கல், களிப்பாறை என்று மாறிமாறி வரும் அடுக்குகள். ஒன்று ஒரு மீட்டர்கூடத் தேறாது. இன்னொன்று பத்து மீட்டரைத் தாண்டும். பருமணல் படிந்த அடுக்கில் எண்ணெய் தாராளமாக ஓடும். பொடிமணலும் வண்டலும் கலந்த அடுக்கில் திணறும். நடுவே இருக்கும் களிப்பாறை இரண்டையும் ஒன்றோடொன்று பேசவிடாமல் பிரித்து வைத்திருக்கும்.

எண்ணெய் ஏன் கனக்கிறது என்பது தனிக்கதை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதிக ஆழமில்லாத, சூடு சுமார் 80 டிகிரி செல்சியஸுக்கும் குறைவான பாறைகளில் நுண்ணுயிரிகள் உயிரோடு இருக்கும். அவை எண்ணெயின் இலகுவான பகுதிகளைத் தின்றுவிடுகின்றன. பிசினும் தார்போன்ற கனப்பொருள்களும் மிஞ்சுகின்றன. விருந்து எல்லா அடுக்கிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. ஆகவே ஒரே கிணறு துளைத்துச் செல்லும் அடுக்குகளிலேயே மேலே ஒரு குணம், கீழே ஒரு குணம் என்று எண்ணெய் மாறுகிறது. திரவம் எவ்வளவு குழகுழப்பாக இருக்கிறது என்பதற்குப் பாகுத்தன்மை என்று பெயர். அதன் அலகு சென்டிபாய்ஸ். தண்ணீர் 1. நல்லெண்ணெய் சில பத்து. விளக்கெண்ணெய் அறைச்சூட்டில் பல நூறு. கன எண்ணெய் என்று சொல்லப்படுவது நல்லெண்ணெயில் தொடங்கி விளக்கெண்ணெயைத் தாண்டி, ஆறிப்போன வெல்லப்பாகு வரைக்கும் போகும்.

இந்தச் சிக்கலை முழுசாகப் பார்க்கச் சரியான இடம் சீனாவின் வடகிழக்கில் உள்ள போகாய் கடல். கடல் என்று பெயர்தான், சராசரி ஆழம் 20 மீட்டர்கூட இல்லை. அதன் வடக்கு மூலையில் லியாவ்தோங் விரிகுடாவில் 1987இல் கண்டுபிடிக்கப்பட்டு 1993இல் உற்பத்திக்கு வந்தது சுய்சோங் 36-1 என்ற வயல். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மணல் அடுக்குகள். பாகுத்தன்மை சில பத்து சென்டிபாய்ஸிலிருந்து சில நூறு வரை. அதன் பிறகு வந்த சின்ஹுவாங்தாவ் 32-6, பெங்லாய் 19-3 ஆகியவையும் இதே குடும்பம்.

நிலத்தில் என்றால் அடுக்குக்கு ஒரு கிணறு தோண்டலாம். மேல் அடுக்குக்கு ஒன்று, பத்தடி தள்ளிக் கீழ் அடுக்குக்கு ஒன்று. கடலில் அது நடக்காது. இரும்புக் கால்களில் நிற்கும் மேடை ஒன்றில் இத்தனை கிணறுகள்தான் என்று இடம் கணக்குப்போட்டு வைத்திருக்கும். மேடைக்கும் ஆயுள் உண்டு. கடல்நீர் அரித்து அது ஓய்வுபெறுவதற்குள் எண்ணெயை எடுத்தாக வேண்டும். ஆகவே ஒரே கிணறு எல்லா அடுக்குகளையும் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. எல்லா அடுக்கிலும் குழாய்ச்சுவரில் ஓட்டை போடப்படுகிறது. அத்தனை அடுக்கின் எண்ணெயும் ஒரே குழாயில் ஏறி வருகிறது. முதல் ஆண்டு கணக்கில் இதைவிட லாபமான ஏற்பாடு இல்லை.

காலங்காலமாகக் களிப்பாறை பிரித்து வைத்திருந்தவர்களை மனிதன் ஒரே நாளில் ஒரே கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டான். தகராறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தகராறை அளப்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. மூன்று அடுக்குகளைத் தனித்தனியே சோதித்தபோது நாளுக்கு 60, 30, 10 பீப்பாய் வந்ததாக வைத்துக்கொள்ளலாம். கூட்டினால் 100. மூன்றையும் சேர்த்துத் திறந்தால் 70தான் வருகிறது. காணாமல்போன 30ஐ 100ஆல் வகுத்தால் 0.3, அதுதான் குறுக்கீட்டுக் குணகம். போகாய் வயல்களில் பணிபுரியும் பொறியாளர்கள் இந்த எண்ணை நோயாளியின் சர்க்கரை அளவைப்போலப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆனால் இங்கே ஒரு புதிர் இருக்கிறது. பாடப்புத்தகப்படி இந்த 30 பீப்பாய் தொலைந்தே போகக்கூடாது! பிரான்சின் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து 1856இல் ஒரு விதியை வெளியிட்டார். மணலின் ஊடுருவுதிறனும், அதாவது திரவத்துக்கு அது வழிவிடும் அளவும், அழுத்த வித்தியாசமும் கூடினால் ஓட்டம் கூடும். பின்னால் வந்தவர்கள் விரித்துச் சொன்னபடி, திரவம் குழைந்தால் ஓட்டம் குறையும். இன்றைக்கும் எண்ணெய்த் துறையின் அரிச்சுவடி அதுதான். அந்த விதிப்படி, கிணற்றின் அடியில் அழுத்தம் மாறாமல் இருந்தால் ஒவ்வோர் அடுக்கும் தன் பாட்டுக்குத் தன் பங்கைத் தந்துகொண்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் யார் இருந்தால் அதற்கென்ன? அடுக்குகள் சமமாகத் தராமல் போகலாம், ஆனால் கூட்டுத்தொகை குறையக்கூடாது.

சமமாகத் தராமை என்பதே எவ்வளவு கொடுமையாக இருக்கும் என்பதை முதலில் பார்த்துவிட்டுப் புதிருக்கு வரலாம். தலா 5 மீட்டர் தடிமனில் மூன்று அடுக்குகள். ஊடுருவுதிறனை அளக்கும் அலகு மில்லிடார்சி; அது முதலாவதில் 3,000, அடுத்ததில் 1,000, கடைசியில் 300. எண்ணெயின் பாகுத்தன்மை முறையே 50, 100, 300 சென்டிபாய்ஸ். இதில் மிகையான எண் எதுவும் இல்லை. கன எண்ணெய் வயல்களில் இத்தகைய வித்தியாசம் சாதாரணம். டார்சி விதிப்படி பங்கு பிரித்தால் முதல் அடுக்குக்கு 100இல் 84 பாகம். இரண்டாவதுக்கு 14. மூன்றாவதுக்கு ஒன்றரைகூட இல்லை. தடிமன் மூன்றுக்கும் ஒன்றுதான், எண்ணெய் இருப்பும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், ஆற்றில் தண்ணீர் வந்த செய்தி தலைமடைக்குத் தெரிந்து, கடைமடைக்குக் காதிலேயே விழாத கதையாகிவிடுகிறது.

இனிப் புதிர். அந்த விதியில் 'அழுத்தம் மாறாமல் இருந்தால்' என்று ஒரு வார்த்தை வந்ததல்லவா? அழுத்தம் மாறாமல் இருப்பதே இல்லை.

கிணற்றுக்குள் தொங்கும் பம்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தனியாக இருந்தபோது மூன்றாம் அடுக்கு பம்பின் முழு இழுப்பையும் அனுபவித்தது. இப்போது முதல் அடுக்கு வாரிக்கொட்டுகிறது. பம்பால் அவ்வளவையும் தூக்க முடியவில்லை. கிணற்றில் திரவமட்டம் ஏறுகிறது. அடியில் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் அடுக்குக்கும் கிணற்றுக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது. முதல் அடுக்குக்கு அது பொருட்டில்லை. மூன்றாவதற்கு அதுதான் உயிர்.

அதோடு, அடுக்குகளின் சொந்த அழுத்தமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எண்ணெயை வெளியே தள்ளுவதற்காகப் பக்கத்துக் கிணறுகள் வழியே தண்ணீர் செலுத்துவார்கள். அந்தத் தண்ணீர் எளிதாக ஓடும் அடுக்குக்கே போகும். ஆகவே வாரிக்கொடுக்கும் அடுக்குக்கு அழுத்தம் குறையாமல் கிடைத்துக்கொண்டிருக்கும். திணறும் அடுக்கு மெல்ல மெல்ல வற்றும். சில ஆண்டுகளில் முதல் அடுக்கில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 140 மடங்கும், மூன்றாவதில் 100 மடங்கும், கிணற்றடியில் 110 மடங்கும் இருப்பதாகக் கொண்டால் என்ன ஆகும்? மூன்றாம் அடுக்கு எதுவும் தராது. தராததோடு, கிணற்றிலிருந்து உள்ளே வாங்கிக்கொள்ளவும் ஆரம்பிக்கும். ஒரு அடுக்கிலிருந்து வந்த எண்ணெயும் தண்ணீரும் மேலே ஏறாமல் இன்னோர் அடுக்குக்குள் நுழையும். அப்பன் சம்பாதிக்க அடுத்த வீட்டுக் கிடங்கு நிறைகிற மாதிரி.

கன எண்ணெய்க்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. பற்பசைக் குழாயைத் திறந்து கவிழ்த்தால் பசை தானாக விழாது. ஓரளவுக்கு அழுத்தினால்தான் அசையவே செய்யும். பிசினும் கனப்பொருளும் நிறைந்த எண்ணெய் இடுங்கிய மணல் இடுக்குகளில் இப்படி நடந்துகொள்வதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். ஒரு குறைந்தபட்ச உந்துதல் இல்லாவிட்டால் ஓட்டமே தொடங்காது. டார்சியின் டிஜோன் தண்ணீருக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது. தனியாக இருந்தபோது அந்த உந்துதலைத் தாண்டிவிட்ட அடுக்கு, கூட்டத்தில் சேர்ந்ததும் தாண்ட முடியாமல் முழுதாகவே நின்றுபோகிறது. கொஞ்சம் குறைவது வேறு, அணைந்துபோவது வேறு. இலகுவான எண்ணெயில் குறுக்கீடு பெரும்பாலும் குறைவதோடு நிற்கும். கன எண்ணெயில் அணைந்துபோகும் அடுக்குகள் உண்டு.

பழுதுபார்ப்பும் தன் பங்குக்குக் கெடுக்கும். பம்பை மாற்றக் கிணற்றை அடக்கவேண்டும். அதற்குக் கனமான திரவத்தை ஊற்றுவார்கள். அழுத்தம் குறைந்த அடுக்குதான் அதை உறிஞ்சிக்கொள்ளும். அதன் இடுக்குகள் இன்னும் அடைபடும். நலிந்தவன் தலையில்தான் எல்லாச் சுமையும் விழும் போலிருக்கிறது.

இத்தனைக்கும் மேலே தண்ணீர். செலுத்திய நீர் முதல் அடுக்கின் வழியாக ஒருநாள் உற்பத்திக் கிணற்றுக்கு வந்து சேர்ந்துவிடும். அடுக்கின் சூட்டில் தண்ணீரின் பாகுத்தன்மை அரை சென்டிபாய்ஸ்தான், எண்ணெய்க்கு 50. பாறையில் எண்ணெயின் மிச்சம் ஒட்டிக்கொண்டு தண்ணீருக்கு வழியைச் சுருக்கினாலும், தண்ணீர் எண்ணெயைவிட 20 மடங்கு எளிதாக ஓடிவிடும் என்று கணக்குப் போடலாம். அதாவது, ஏற்கெனவே 84 பாகத்தை வைத்திருந்த அடுக்கு திடீரென்று இருபது மடங்கு தாராளமாகிறது. அது தருவதோ தண்ணீர். அந்த நாளிலிருந்து கிணறு எண்ணெய்க் கிணறாக நடிக்கும் தண்ணீர்க் கிணறு. தண்ணீரின் விகிதம் ஏற ஏற, மற்ற அடுக்குகளின் எண்ணெய் மேலும் மேலும் அமுங்கிப்போகிறது. இளமையில் தெரியாத சர்க்கரை நோய் ஐம்பதில் எல்லா உறுப்பையும் பிடிப்பதுபோல, குறுக்கீடும் வயலின் நடுவயதில்தான் முழு உருவம் காட்டும். தொடங்கிய ஆண்டின் லாபக் கணக்கில் இது வராததற்கு அதுதான் காரணம்.

அடுக்குகளுக்கு இடையே உள்ள இந்த ஏற்றத்தாழ்வை ஓர் எண்ணாகச் சொல்ல முடியுமா என்று அமெரிக்காவில் டைக்ஸ்ட்ரா, பார்சன்ஸ் என்ற இருவர் 1950இல் முயன்றார்கள். எல்லா அடுக்கும் ஒன்றுபோல் இருந்தால் 0, வேறுபாடு எல்லைமீறினால் 1. அந்த எண் இன்றும் அவர்கள் பெயராலேயே புழங்குகிறது. எந்த அடுக்கோடு எந்த அடுக்கைச் சேர்க்கலாம் என்று பொருத்தம் பார்ப்பதற்கு இந்த மாதிரி எண்கள்தான் ஜாதகக் கட்டம்.

ஆனால் விரலால் குழலை அடைக்கும் வித்தையைப் பெரிய அளவில் செய்து காட்டியது சீனாவின் டாச்சிங் வயல். அந்த எண்ணெய் கன எண்ணெய் அல்ல, நடுத்தரம்; இருந்தாலும் கதை இங்கே சொல்லவேண்டிய கதை. 1959 செப்டம்பர் 26 அன்று சோங்ஜி-3 என்ற கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. மக்கள் சீனத்தின் பத்தாம் ஆண்டு விழா நெருங்கியிருந்ததால் பெருங்கொண்டாட்டம் என்ற பொருளில் டாச்சிங் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே தண்ணீர் செலுத்தத் தொடங்கினார்கள். எல்லா அடுக்குக்கும் ஒரே குழாயில், பொதுவாக. சோதனைப் பகுதியில் விளைவு எப்படி இருந்தது என்பதற்கு அங்கே ஒரு வாய்ப்பாட்டுப் பேச்சே இருந்தது: தண்ணீர் விட்டது மூன்று வருஷம், மூழ்கினது பாதிக் கிணறு, எடுத்தது நூற்றுக்கு ஐந்து. தண்ணீர் எளிதான அடுக்குகளில் நாக்கு நீட்டிக்கொண்டு ஓடி உற்பத்திக் கிணறுகளை எட்டிவிட்டது. மற்ற அடுக்குகள் தண்ணீரைப் பார்க்கவே இல்லை.

லியூ வென்ஜாங் என்ற பொறியாளர் தலைமையில் ஒரு குழு இதற்கு விடை தேடியது. வேண்டியது ஒரு ரப்பர் அடைப்பு. குழாயோடு கிணற்றுக்குள் இறங்கும்போது ஒல்லியாக இருக்க வேண்டும். களிப்பாறைக்கு நேராக வந்ததும் ஊதிப் பருத்து, குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் இடையே உள்ள வெளியை அடைக்க வேண்டும். ஒன்று போதாது. ஒவ்வோர் இரண்டு அடுக்குக்கும் நடுவே ஒன்று வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளுக்குப் பிறகு அது தேறியது. ஒரே குழாயில் வரிசையாக ரப்பர் உருண்டைகள் கோத்ததுபோல் இருந்த அந்தக் கருவிக்கு வழங்கிய பெயர் தாங்ஹுலு. வடசீனத் தெருக்களில் குளிர்காலத்தில் விற்கும் தின்பண்டம் அது. சிவப்புப் புளிப்புப் பழங்களை மூங்கில் குச்சியில் கோத்துச் சர்க்கரைப்பாகில் தோய்த்திருப்பார்கள். 

அடைப்புக்கு நடுவே உள்ள ஒவ்வோர் அறைக்கும் ஒரு சிறு துவாரத் தக்கை. தாராள அடுக்குக்குச் சின்னத் துவாரம், திணறும் அடுக்குக்குப் பெரிய துவாரம். தலைமடை மதகைப் பாதி இறக்கி, கடைமடைக்குத் தண்ணீர் விடும் அதே ஏற்பாடு. அடுக்குவாரியாக நீர் செலுத்தும் முறை பிறகு சீன வயல்கள் முழுவதும் பரவியது. அங்கே ஒரு வயல் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் அளவுகோல்களில் அடுக்குவாரி நீர் எத்தனை சதவீதம் என்பதும் ஒன்று.

இந்த மதகு வேலையைச் செய்யாவிட்டால் உற்பத்தி குறையும், அவ்வளவுதானே என்று நினைத்தவர்களுக்கு 2011இல் பதில் கிடைத்தது. பெங்லாய் 19-3 வயலை 1999இல் அமெரிக்காவின் பிலிப்ஸ் நிறுவனம் கண்டுபிடித்தது. 2002 இறுதியில் எண்ணெய் வரத் தொடங்கியது. பின்னாளில் கோனாகோபிலிப்ஸ் ஆன அந்த நிறுவனத்தின் சீனக் கிளை வயலை நடத்தியது. பெரும்பங்கு சீனாவின் கடல்சார் எண்ணெய் நிறுவனத்துடையது. வயலின் மேம்பாட்டுத் திட்டத்தில் அடுக்குவாரியாகத்தான் நீர் செலுத்தவேண்டும் என்று எழுதியிருந்தது. பி மேடையில் பி23 என்ற கிணற்றில் நெடுநாளாகப் பொதுவாகவே செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 2ஆம் தேதி அந்தக் கிணற்றில் இரண்டு முட்கள் எதிரெதிராக நகர்ந்தன. உள்ளே போகும் தண்ணீரின் அளவு பளிச்சென்று ஏறியது. செலுத்தும் அழுத்தம் பளிச்சென்று இறங்கியது. தண்ணீர்த் தொட்டியைக் கவனித்துப் பழகிய எந்தக் குழாய்க்காரருக்கும் இதன் பொருள் தெரியும்: எங்கேயோ உடைந்துவிட்டது. நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். நிறுத்தவில்லை, அழுத்தத்தைத் தக்கவைத்துத் தொடர்ந்து செலுத்தினார்கள் என்று சீனாவின் கடல் நிர்வாகத் துறையின் கூட்டு விசாரணை பின்னர் பதிவு செய்தது. எந்த அடுக்குக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தெரியாத நிலையில், சில அடுக்குகளில் அழுத்தம் அளவுமீறி ஏறியிருந்தது. பக்கத்தில் இருந்த பாறைப்பிளவு வாய் திறந்தது. அதன் வழியாக எண்ணெய் மேலே ஏறி, ஜூன் 4 அன்று கடற்பரப்பில் படலமாகத் தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து சி மேடையில் தோண்டிக்கொண்டிருந்த ஒரு கிணறும் பொங்கியது. நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 700 பீப்பாய் எண்ணெயும் 2,500 பீப்பாய் துளையிடும் சேறும் கடலில் கலந்தன. அரசின் கணக்கில் கெட்ட கடற்பரப்பு 6,200 சதுர கிலோமீட்டர். செப்டம்பரில் வயலை மூடச் சொன்னார்கள். மீன்வளத்துக்கு மட்டும் 100 கோடி யுவான் இழப்பீடு 2012 ஜனவரியில் முடிவானது.

எண்ணிக்கையில் பார்த்தால் உலகின் பெரிய எண்ணெய்க் கசிவுகளோடு இதை வைத்துப் பேச முடியாது. ஆனால் அடுக்குகளைப் பற்றிய அசட்டை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு இல்லை. உற்பத்திக் கிணற்றில் அடுக்குகள் குறுக்கிட்டால் எண்ணெய் குறையும். செலுத்தும் கிணற்றில் குறுக்கிட்டால் பாறையே உடையலாம்.

தண்ணீருக்குப் பதில் நீராவி விடும் வயல்களில் வேறு வேடிக்கை. கலிஃபோர்னியாவில் கெர்ன் ஆற்றங்கரையில் 1899இல் கையால் தோண்டிய குழியில் எண்ணெய் கண்டார்கள். கறுப்பான, குழைந்த எண்ணெய். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு நீராவி வந்துதான் அது மளமளவென்று வெளியேறியது. அங்கேயும் பல மணல் அடுக்குகள். நீராவி இலகுவானது, அடுக்கின் மேல்தளத்துக்கு ஏறிவிடும். எளிதான அடுக்குக்கே ஓடும். அதுவரை பழைய கதைதான். ஆனால் சூட்டைக் களிப்பாறையால் தடுக்க முடியாது. கீழ் அடுக்கில் விட்ட நீராவி, தோசைக்கல்லைப்போல மேல் அடுக்கையும் சுடவைக்கிறது. அங்கே நீராவி விடாமலேயே எண்ணெய் இளகத் தயாராகிறது. அடுக்குகள் ஒன்றுக்கொன்று உதவியும் செய்யும் என்பதற்கு இது சாட்சி. குறுக்கீடு என்ற சொல் கொஞ்சம் ஒருதலைப்பட்சமானது.

இந்தியாவில் கன எண்ணெய் என்றால் குஜராத்தின் மேசானா. பாலோல், சந்தால் வயல்கள் 1970ஐ ஒட்டிக் கண்டுபிடிக்கப்பட்டவை. அங்கே ஓ.என்.ஜி.சி. கையாண்ட முறை கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும்: நிலத்தடியிலேயே எண்ணெய்க்குத் தீ வைப்பது. கிணற்றில் காற்றைச் செலுத்தி, எண்ணெயின் ஒரு பகுதியை எரித்து, அந்தச் சூட்டில் மீதியை இளக்கித் தள்ளுவது. பாலோலில் 1990இல் சோதனை; 1997இல் இரு வயல்களிலும் வணிக அளவில். காற்றுக்கு எண்ணெயைவிடவும், ஏன் தண்ணீரைவிடவும் பாகுத்தன்மை மிகக் குறைவு. தாராளமான அடுக்கைக் கண்டால் அது தண்ணீரைவிட வேகமாக ஓடும். ஆகவே எந்த மணலில் தீ எரிகிறது, எந்த மணலில் வெறும் காற்று வீணாகிறது என்று கண்காணிப்பதே அங்கே பாதி வேலை. உற்பத்திக் கிணற்றில் வரும் வாயுவில் ஆக்சிஜன் கூடினால் காற்று எரியாமலே தப்பி வருகிறது என்று பொருள். எண்ணெயும் ஆக்சிஜனும் ஒரே குழாயில் வருவது யாரும் விரும்பும் கூட்டணி இல்லை.

சரி, எந்த அடுக்கு எவ்வளவு தருகிறது என்று மேலே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? மேலே வருவது கலவைதானே. ஒரு வழி, கம்பியில் கட்டிச் சின்னக் காற்றாடி ஒன்றைக் கிணற்றுக்குள் இறக்குவது. ஒவ்வோர் அடுக்கைத் தாண்டும்போதும் ஓட்டம் கூடினால் காற்றாடி வேகமாகச் சுற்றும். கூடாவிட்டால் அந்த அடுக்கு சும்மா இருக்கிறது. ஆனால் கன எண்ணெயில் காற்றாடி சிக்கிக்கொள்ளும். பம்பு தொங்கும் கிணற்றில் கம்பி இறங்கவும் இடமிருக்காது. இன்னொரு வழி அழகானது. நுண்ணுயிரிகள் ஒவ்வோர் அடுக்கிலும் வேறுவேறு அளவில் தின்றன என்று பார்த்தோமே, அதனால் ஒவ்வோர் அடுக்கின் எண்ணெய்க்கும் வேதியியலில் ஒரு விரல்ரேகை இருக்கிறது. அடுக்குகளின் மாதிரியைத் தனித்தனியே எடுத்து வைத்துக்கொண்டால், கலவையை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்து, யார் பங்கு எவ்வளவு என்று பின்னால் கணக்குப் போடலாம். கிணற்றை நிறுத்த வேண்டாம், எதையும் இறக்க வேண்டாம்.

மருந்துகளும் பலவகை. சுய்சோங்கில் 2003இல் பாலிமர் கலந்த நீரைச் செலுத்திச் சோதித்தார்கள். தண்ணீரையே கஞ்சியாக்கிவிட்டால் அது தாராள அடுக்கில் ஓடுவதற்கு அவசரப்படாது, மற்ற அடுக்குகளையும் எட்டிப்பார்க்கும். சில கிணறுகளில் தாராள அடுக்கையே பசைபோட்டு அடைப்பார்கள். கிடைமட்டக் கிணறு வந்தபின், எண்ணெய் மிச்சமிருக்கும் ஒரே அடுக்குக்குள் நூறு நூறு மீட்டராக ஊடுருவிப்போய் அதை மட்டும் எடுக்க முடிந்தது. சேர்த்துவைத்த தப்பைப் பிற்காலத்தில் பிரித்துத் திருத்துவதுதான் அது. வடகடலில் நார்வேயின் ஸ்னோர் வயலில் 1997இல், மேலிருந்தே பொத்தானை அழுத்தி அடுக்குவாரி வால்வுகளைத் திறந்து மூடும் முதல் கிணறு வேலை செய்யத் தொடங்கியது. தாங்ஹுலுவுக்கு மின்கம்பி இணைத்தது என்று சொல்லலாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அடுக்குக்கு அடுக்கு அடைப்பு வைத்துவிட்டால் தீர்ந்தது என்று முடிவுக்கு வருவது அவசரம். ஒவ்வோர் அடைப்பும் பணம், ஒவ்வொன்றும் பழுதாகக்கூடியது, இளக்கமான மணலில் மணல்தடுப்பு வலையும் சேர்ந்துகொண்டால் கிணற்றின் உள்வழி குறுகி, பிற்பாடு எதையும் இறக்க முடியாமல் போகும். குறுக்கீட்டுக் குணகம் 0.1 என்றால் அந்தப் பத்து சதவீத இழப்பைப் பொறுத்துக்கொண்டு அடைப்பைத் தவிர்ப்பது புத்திசாலித்தனமாக இருக்கலாம். சில கிணறுகளில் சேர்ப்பதே நன்மை: கீழே சூடான, இலகுவான எண்ணெய் இருந்தால் அது மேலடுக்கின் குழைந்த எண்ணெயோடு குழாயில் கலந்து, பம்பின் பளுவைக் குறைக்கும். ஆகவே கேள்வி சேர்ப்பதா பிரிப்பதா என்பதல்ல. எவற்றைச் சேர்ப்பது, எத்தனை வருஷத்துக்குச் சேர்ப்பது என்பதே. போகாயில் கசந்து கற்ற பாடம் இரண்டாவது பாதியில் இருக்கிறது. தொடக்கத்தில் பொருந்திய அடுக்குகள் தண்ணீர் வந்தபின் பொருந்துவதில்லை.

கடைசியாக, கிணற்றை மூடினால் என்ன ஆகும் என்பது. எண்ணெய் விலை சரிந்தாலோ, மேடையில் பழுது வந்தாலோ, புயல் வந்தாலோ கிணறுகளை மூடுவார்கள். மேலே வால்வு இறுக்கமாக மூடியிருக்கும். அழுத்தமானி முள் ஆடாமல் நிற்கும். பதிவேட்டில் உற்பத்தி பூஜ்யம் என்று எழுதிவிட்டு ஊழியர் தேநீர் குடிக்கப் போவார். அந்த நேரத்தில் கிணற்றுக்குள் காற்றாடியை இறக்க முடிந்தால், அழுத்தம் கூடிய அடுக்குக்கும் வற்றிய அடுக்குக்கும் நடுவே அது சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்றிலிருந்து வெளியேறிய தண்ணீர், மேலே வர வழியில்லாததால், நேரே மற்றதுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. மறுபடி கிணற்றைத் திறந்தபின் முதல் சில நாட்களுக்கு வற்றிய அடுக்கு தருவதெல்லாம் அப்படி வாங்கி வைத்த தண்ணீர்தான். அதனால்தான் நீண்டநாள் மூடிய பல்லடுக்குக் கிணற்றைத் திறந்தவுடன் வரும் அளவை, அனுபவமுள்ள பொறியாளர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.